"இன்னும் படிக்கிறானா?" என்று கேட்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்றைக்கு ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்பத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் என் கடைசித் தம்பி மகன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த பையன். கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, நேர்முகத் தேர்விலும் தேறி, சென்னை ஐஐடியின் இயந்திரப் பொறியியல் துறையில் எம்.எஸ். ஆய்வுப் படிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறான். எங்கள் வம்சத்தில் அந்த வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள்.

எதிர் வரிசையில் என் மனைவியின் தம்பி. "என்ன மருமகனே, வேலை கெடச்சிருச்சா?"

"இல்ல மாமா, எம்.எஸ். சேரப்போறேன். ரிசர்ச்."

"இன்னும் படிக்கப்போறியா? பீஸு எவ்வளவு?"

"அவங்களே மாசம் 12,400 தருவாங்க மாமா."

"பன்னெண்டாயிரமா! எங்க கடையில பொட்டலம் மடிக்கிற பயலுக்கே பதினஞ்சு குடுக்கேன்!"

பந்தியே சிரித்தது. பையன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அப்புறம் வந்த பாயசத்தை அவன் தொடவில்லை. அவனுடைய அப்பா, என் தம்பி, கேட்காதது மாதிரி தண்ணீர் குடித்தான். விசேஷ வீட்டில் வம்பு வேண்டாம் என்று என் மனைவி கண்ணைக் காட்டியதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று விழுங்கியதை இன்று எழுதுகிறேன். மாப்பிள்ளை, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் பணக்கணக்கு. நாம் எல்லோரும் அங்கேதானே ஆரம்பிக்கிறோம்.

12,400 ரூபாய் குறைவுதான். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் அதிகம் நிற்காது. முதுகலை மாணவர்களுக்கான அந்தத் தொகை பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்பது வெட்கக்கேடு. அரிசி விலை ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது, இது மட்டும் ஏறவில்லை. அதற்கு அரசாங்கத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். படிக்கப்போகிற பையனைத் திட்டாதீர்கள்.

ஆனால் உங்கள் கணக்கில் பாதிதான் இருக்கிறது. அதே துறையில் பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023-ல் உயர்த்தப்பட்ட தொகை இது. எம்.எஸ். சேர்ந்தவன் நன்றாகச் செய்தால் நடுவிலேயே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. பிரதமர் ஆய்வு உதவித்தொகை என்று 2018-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் தேர்வானால் மாதம் 70,000-ல் ஆரம்பித்து 80,000 வரை போகும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் தனியாக. கடினமான போட்டி. ஆனால் நம் பிள்ளைகளுக்கு எட்டாத வானம் இல்லை.

நீங்கள் ஆகா என்று கொண்டாடும் மென்பொருள் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பையனுக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற சம்பளம் எத்தனை வருடமாக அசையாமல் நிற்கிறது என்று உங்கள் பிள்ளைகளிடமே கேளுங்கள். மாதக்கணக்குப் போட்டால் ஓர் ஆய்வு மாணவனின் உதவித்தொகையைவிடக் குறைவு. அதில் யாரும் பொட்டலம் மடிக்கிற பையனை இழுப்பதில்லை. ஏனென்றால் அது "வேலை", இது "படிப்பு".

அதே பந்தியில் இன்னொரு உறவினர் சொன்ன யோசனையைக் கேளுங்கள். "வெளிநாட்டுக்கு அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்ச ஏஜென்சி இருக்கு. ஒரே வருஷம், முப்பது லட்சம்தான். வீட்டுப் பத்திரத்த வச்சா பேங்குல குடுத்துருவான்." இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்!

மாதம் 12,400 வாங்கிக்கொண்டு படிப்பது கேவலம், முப்பது லட்சம் கடன் வாங்கிப் படிப்பது கௌரவம். இந்த ஞாயம் எந்தக் கடையில் விற்கிறது என்று எனக்குப் புரியவில்லை. என் தம்பியின் வீடு அவன் இருபது வருடம் பல்லைக் கடித்துக் கட்டியது.

வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிற வழியைத் தெரிந்துகொண்டு போங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கு உண்டு, பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே இயந்திரப் பொறியியலில் முனைவர் ஆய்வு என்பது பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கும் வேலை. அமெரிக்காவில் பொறியியல் பிஎச்.டி.க்குச் சேர்த்துக்கொண்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வைத்து மாதப்பணமும் தருவதுதான் வழக்கம். ஆய்வுக்குப் போகிறவனுக்கு அவர்கள் பணம் தருகிறார்கள். ஒரு வருடப் பட்டம் வாங்கப் போகிறவனிடம் அவர்கள் பணம் வாங்குகிறார்கள். பணம் தரும் வழியை ஏஜென்சிக்காரர் சொல்லமாட்டார். அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

அடுத்து, "மெக்கானிக்கலில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? எல்லாம் கண்டுபிடிச்சாச்சே" என்ற கேள்வி. இதைக் கேட்டவர் எம்.ஏ. படித்தவர்.

2022 கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் நினைவிருக்கிறதா? லித்தியம் பேட்டரிக்கு நாம் வாழ்கிற சூடு ஒத்துவராது. மதுரையிலும் வேலூரிலும் நாற்பது டிகிரி வெயிலில் அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி, ஓர் அறையில் தீப்பிடித்தால் பக்கத்து அறைக்குப் பரவாமல் தடுப்பது எப்படி என்பது வெப்பவியல் கேள்வி. மெக்கானிக்கல்காரன் வேலை. குளிர்நாட்டுக்காரன் நமக்காக உட்கார்ந்து இதை யோசிக்கமாட்டான்.

மலக்குழியில் மனிதனை இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. சாவு நிற்கவில்லை. சென்னை ஐஐடியின் இயந்திரப் பொறியியல் துறையில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டலில் திவான்ஷு குமார் என்ற மாணவர் தன் முதுகலை இறுதியாண்டுத் திட்டமாக ஆரம்பித்ததுதான் ஹோமோசெப் என்ற இயந்திரம். குடைபோல விரியும் கத்திகள் தொட்டிக்குள் இறங்கிச் சுழன்று, கட்டிபட்ட கழிவைக் கலக்கிக் கூழாக்கும். பிறகு உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆள் இறங்க வேண்டியதில்லை. ஒரு மாணவனின் புராஜெக்ட், மாப்பிள்ளை. நம் ஊரில் புராஜெக்டை எங்கே வாங்குகிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதே துறையில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் மையம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தானே எழுந்து நிற்க உதவும் "அரைஸ்" 2019-ல் வெளிவந்தது. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் அதையே சாலையில் ஓடும் மூன்று சக்கர மின்வண்டியாக மாற்றும் "நியோபோல்ட்" அங்கிருந்து வந்தது. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கு "கதம்" என்ற செயற்கை மூட்டு 2022-ல் வந்தது. இதெல்லாம் விசையும் திருப்புத்திறனும்தான். பதினோராம் வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டி, நீங்கள் கொட்டாவி விட்ட அதே பாடம்.

பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதுக்கு சார், கையில கிரீஸ் பட்டுக்கிட்டு" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. மேலே சொன்ன மையத்தை நடத்துவது ஒரு பெண். அவ்வளவுதான் என் பதில்.

இப்போது என் பாவக்கணக்கு. இதைச் சொல்லாமல் ஊருக்கு உபதேசம் செய்தால் அது அயோக்கியத்தனம்.

1996-ல் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவன். பெயர் சொல்லமாட்டேன், அந்த வகுப்பினருக்குத் தெரியும். அவன் அப்பா எங்கள் ஊர்ப் பட்டறையில் லேத் ஓட்டியவர். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டான். "சார், அப்பா லேத்துல கம்பி கடையும்போது சில வேகத்துல மட்டும் கீச்சுன்னு அலறுது. வேலையில வரிவரியா விழுது. வேகத்தக் கொஞ்சம் மாத்துனா அடங்கிருது. ஏன் சார்?"

நான் யோசிக்கவே இல்லை. "ஒத்ததிர்வு" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அந்தப் பதில் தவறு. பணி ஓய்வுக்குப் பிறகு என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகக் கேட்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. முந்தைய சுற்றில் வெட்டுளி விட்டுப்போன அலையலையான பரப்பின் மேல்தான் அடுத்த சுற்றில் அது வெட்டுகிறது. அதனால் சீவலின் கனம் கூடிக் குறைகிறது. அதனால் விசை கூடிக் குறைகிறது. அதனால் அதிர்வு தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது. வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை, அது தானே ஆடுகிறது. பட்டறைக்காரர்கள் "சாட்டர்" என்பது இதைத்தான். 1950-களில் டோபியாஸ், ட்லஸ்டி போன்றவர்கள் இதை ஆராய்ந்தார்கள். இன்றும் உலகம் முழுக்க இயந்திரப் பொறியியல் துறைகளில் இதில் ஆய்வு நடக்கிறது. பதினேழு வயதுப் பையன் அப்பாவின் பட்டறையிலிருந்து ஒரு நிஜமான ஆராய்ச்சிக் கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து என் முன் நின்றிருக்கிறான். நான் ஒரு வார்த்தையால் அதன் வாயை அடைத்தேன்.

அதோடு விட்டேனா? நான்கு வருடம் கழித்து, 2000-ல், அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு மறுபடி என் வீட்டுக்கு வந்தான். கேட் தேர்வில் தேறி, எம்.எஸ். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. "போகட்டுமா சார்?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டு நிலைமையைப் பாருடா. ஆராய்ச்சியெல்லாம் வசதி உள்ளவனுக்கு. பேசாம கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரு."

அன்றைக்கும் உதவித்தொகை இருந்தது. எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடப் பெரிய குற்றமில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன் பாருங்கள், அதுதான் குற்றம். "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவனும் நம்பினான், லேத் ஓட்டிய அவன் அப்பாவும் நம்பினார்.

அவன் கெட்டுப்போகவில்லை. மென்பொருளில் நல்ல பதவி, இரண்டு வீடு. போன வருடம் என்னைப் பார்க்க வந்தான், காலில் விழுந்தான், பழம் வாங்கி வந்திருந்தான். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்பா போயிட்டாரு சார். அந்த லேத்த மட்டும் எடைக்குப் போட மனசு வரல. பழைய வீட்டுலயே கெடக்கு."

அவன் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை, பந்தியில் நீங்கள் சிரித்தது எனக்கு அதனால்தான் அவ்வளவு சுட்டது. உங்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. 2000-ல் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆளும் நீங்களும் ஒன்று.

ஆய்வுத் துறையே சொர்க்கம் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகி மாணவர்கள் திண்டாடுவது உண்டு. வழிகாட்டி சரியில்லையென்றால் ஐந்து வருடம் ஏழாக இழுக்கும். ஆய்வு மாணவர்கள் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளையும் நாம் படித்திருக்கிறோம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஆனால் ஒன்று யோசியுங்கள். ஒரு பையன் அங்கே சோர்ந்துபோய் உட்காரும்போது, "என்னடா சாப்பிட்டியா, கஷ்டமா இருந்தா வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்று சொல்லும் வீடு அவனுக்குப் பின்னால் இருக்கிறதா, "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்கும் வீடு இருக்கிறதா? ஆய்வகத்தின் பாரத்தை நம்மால் குறைக்க முடியாது. பந்தியின் பாரத்தை நம்மால் குறைக்க முடியும்.

இன்னொரு அசிங்கத்தையும் பேசித்தான் ஆகவேண்டும். நம் ஊர்களில் ஆராய்ச்சி என்றாலே இளக்காரம் வந்ததற்கு ஒரு காரணம், ஆராய்ச்சியைக் கடையில் விற்பது. புராஜெக்ட் சென்டர் என்று பலகை போட்டு விற்கிறார்கள். கல்லூரிப் புராஜெக்ட் ஒரு விலை, ஆய்வேடு ஒரு விலை, "பேப்பர் போட்டுத் தருகிறோம்" அது ஒரு விலை. என் மாணவன் ஒருவன் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். காலை எட்டு மணி முதல் மாலை வரை வகுப்பு, அதற்கு மேல் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் ஒரு நல்ல கருவி கிடையாது. ஆனால் வருடத்துக்கு இத்தனை கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் சம்பள உயர்வு கிடையாது. கைக்காசு போட்டு எங்கோ ஒரு பத்திரிகையில் அச்சிட்டுக்கொண்டான். "சார், அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கே முழுசாத் தெரியாது" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நிர்வாகத்துக்குத்தான் வெட்கம் வரவேண்டும்.

போலி மருந்து விற்கிறார்கள் என்பதற்காக யாரும் மருத்துவமே வேண்டாம் என்று சொல்வதில்லையே. போலியைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சேரப்போகும் வழிகாட்டியின் பழைய மாணவர்கள் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். இப்போது அவரிடம் படிக்கும் மாணவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு எத்தனை வருடம் ஆகிறது? உதவித்தொகை ஒழுங்காக வருகிறதா? அவர் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறாரா? பெண் பார்க்கப் போகும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம் இல்லையா? அதே விசாரணைதான்.

இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். வயது வரம்பு கிடையாது. ஆகவே, வேலைக்குப் போய்விட்ட என் பழைய மாணவர்களே, நீங்களும்தான். சென்னை ஐஐடி மட்டும்தான் வாசல் என்று நினைக்காதீர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், திருச்சி என்.ஐ.டி., கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கும் அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஐஐடி ஆய்வகத்தில் இருந்து பார்க்க, வெளிக் கல்லூரி மாணவர்களுக்கென்றே உதவித்தொகையோடு திட்டம் உண்டு. போய்ப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் இரண்டு மாதத்தோடு தெரிந்துவிடும், வாழ்க்கை ஒன்றும் போய்விடாது. பிடிக்கவில்லை என்று வேலைக்குப் போகிறவனையும் நான் குறை சொல்லமாட்டேன். தெரிந்து வேண்டாம் என்பது வேறு, தெரியாமலே இழப்பது வேறு.

நல்ல நிலையில் இருக்கும் என் பழைய மாணவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நம் பள்ளியில் படித்து இப்போது பொறியியல் கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு இந்த வாசல்கள் இருப்பதே தெரியாது. அவர்களுடைய அப்பா லேத் ஓட்டுகிறார், ஆட்டோ ஓட்டுகிறார், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். ஆய்வுத் துறையில் இருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அப்படி ஒரு பிள்ளையோடு மாதம் ஒருமுறை போனில் பேசினால் போதும். கீழே உங்கள் பெயரை எழுதுங்கள், யாரோடு யார் பேசுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வேறென்ன வேலை?

1996 வகுப்புப் பையா, நீ இதைப் படிப்பாய். அன்றைக்கு நான் சொன்னது இரண்டும் தப்பு. ஒத்ததிர்வு என்றதும் தப்பு, வசதி உள்ளவனுக்கு என்றதும் தப்பு. உன் பழைய வீட்டில் கிடக்கும் லேத்தை விற்றுவிடாதே. என் தம்பி மகன் அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறான். அவன் சேரப்போவது உற்பத்தித் தொழில்நுட்பப் பிரிவில். போவதற்கு முன் ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீயே ஓட்டிக் காட்டு. அது அலறுகிறபோது அவனிடம் ஏன் என்று கேள்.

மாப்பிள்ளை, நீங்களும் வாங்க. அன்றைக்குப் பையன் சாப்பிடாமல் விட்ட பாயசத்துக்கு உங்கள் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்